சங்கு ஊதினதும் சொல்லிடறேன்

விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து திண்டிவனத்தில் இறங்கியபோது ராயப்பன் சந்தோஷமாகத்தான் இருந்தான். கையில் ஒரு தகரப்பெட்டி, சட்டைப்பையில் மாதா கோயில் சாமியார் எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதம். ரயிலடியில் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப் போனவனுக்கு, உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம் என்றால் கசக்குமா? வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டைக் கம்பெனியில் கேட்டுக்குக் காவல். காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு சாவிக்கொத்து. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று அவனுடைய அத்தை மதலேனம்மாள்கூட நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒரே ஒரு மனக்குறை. அவன் மனைவி சவுரியம்மாளுக்கு அது நிறைமாதம். மதலேனம்மாளின் மகள்தான் அவள். ராயப்பன் சொந்த அத்தை மகளையே கட்டியிருந்தான். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஊரில் ஆளாளுக்குப் பேசிய பேச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டு அவள் சுமந்த பிள்ளை.

"வலி எடுத்தா சொல்லி அனுப்பறேன் மாமா. நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இல்ல. வந்துடுவ இல்ல?" என்று கேட்டிருந்தாள்.

"இங்க இருக்குது திண்டிவனம். ஒண்ணரை மணி நேரம் ரயிலு. நீ கூப்பிட்ட வாய மூடறதுக்குள்ள வந்து நிப்பேன்."

மனதாரத்தான் சொன்னான். பாவி, கம்பெனி என்று ஒன்று நடுவில் இருப்பது அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

அது யுத்த காலம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. கம்பெனிக்கு வாயில் நுழையாத ஒரு வெள்ளைக்காரப் பெயர் உண்டு. சுற்றுவட்டாரம் முழுக்க மல்லாட்டைக் கம்பெனி என்றால்தான் தெரியும். தண்டவாளத்தை ஒட்டி ஆளுயர மதில். உள்ளே மல்லாட்டை உடைக்கிற மெஷின் இரண்டு. நீளமான கொட்டகையில் இருநூறு பெண்கள் வரிசையாகக் குந்தி, சொத்தைப் பருப்பைப் பொறுக்கிக் கழிப்பார்கள். காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதினால் கேட்டு மூடும். சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதினால்தான் திறக்கும். நடுவில் லாரிக்கும் துரையின் காருக்கும் மட்டும் வழி.

ஹெட் கிளார்க் வெங்கடாசலம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். நல்ல மனுஷர்தான். வெற்றிலைக் கறை படிந்த பல்லும், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலும், துரை இருமினாலே எழுந்து நிற்கிற பயமுமாகக் காலம் தள்ளுகிறவர்.

"உள்ள இருக்கிறதுங்க சங்கு ஊதறதுக்கு முன்னாடி வெளிய போவக் கூடாது. வெளியில இருந்து வர்ற சேதி உள்ள போவக் கூடாது. அவ்ளோதான் உன் வேல" என்றார்.

"வீட்டுல எதுனா ஆபத்துன்னு வந்தாங்கன்னா?"

"வருவானுங்க. தெனம் ஒருத்தன் வருவான். 'சொல்லிடறேன் போ'ன்னு அனுப்பிச்சிடு. சங்கு ஊதினதும் சொல்லு. பொய் சொன்ன பாவமும் ஒனக்கு வராது."

ராயப்பன் தலையைச் சொறிந்தான். வெங்கடாசலம் சிரித்தார்.

"என்னாடா முழிக்கிற? நம்ம பக்கத்துல செத்துட்டாங்கன்னு எவனாவது நேரா சொல்லுவானா? 'ஒடம்பு முடியல, வரச்சொன்னாங்க'ன்னுதான சொல்லுவான்? அப்படின்னா ஆளு போயாச்சுன்னு அர்த்தம். போன உசுரு சாயந்திரம் வரைக்கும் காத்திருக்காதா? தலைக்கு மேல வெள்ளம் போனப்பறம் சாண் என்ன, முழம் என்ன? ஒருத்திக்குச் சாவுன்னா பத்து பொம்பளைங்க ஒறமொறை சொல்லிக்கினு கெளம்பிடுவாளுங்க. யுத்தத்துக்குப் போற சரக்கு நின்னுடும். எங்கப்பா தவறினப்பகூட நான் சங்கு ஊதினப்பறம்தான் போனேன், தெரியுமா?"

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போவதற்குக்கூடச் சங்குக்குக் காத்திருந்த மனுஷர் மற்றவனுக்கு மட்டும் இரங்குவாரா என்ன? முன்னால் இருந்த காவல்காரன் ஏன் போனான் என்று ராயப்பன் கேட்டதற்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் கேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனான் என்றார். கிறுக்கன் என்றார்.

ராயப்பன் வந்த நாலாம் நாள் அது நடந்தது.

உச்சிவேளை. தார் போடாத ரோட்டில் புழுதி அடங்கிக் கிடந்தது. எதிர்ப்புறத்துப் பூவரச மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மெஷின் போடும் இரைச்சலில் கேட்டண்டை யார் பேசினாலும் காதருகே வந்து கத்த வேண்டும். ராயப்பன் கேப்பைக் களியைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவி நிமிர்ந்தான்.

கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்றாள்.

இருபது வயதிருக்கும். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரி புடவை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. ரோட்டில் அவள் வந்ததை அவன் பார்க்கவில்லை. காலடியில் நிழல் இல்லை. உச்சிவெயிலில் யாருக்குத்தான் நிழல் விழும் என்று அவனும் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

"குப்பம்மாகிட்ட சொல்லுங்க. புள்ளைக்கு ஒடம்பு முடியல. வரச்சொல்லுங்க" என்றாள்.

"சொல்லிடறேன், போம்மா."

"சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடறேன்."

அவள் நம்பிக்கையோடு தலையாட்டினாள். அவன் சொம்பை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பியபோது ரோடு வெறிச்சென்று கிடந்தது. புளித்த கஞ்சியும் வாந்தியும் கலந்த மாதிரி ஒரு வாடை மட்டும் கம்பியோடு நின்றது. அவள் நின்ற இடத்தில் ஒரு வட்டம் ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்துபோனது.

பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. கிசுகிசுத்தாள்.

ஒரு சொல் விடாமல் அவனுக்குக் கேட்டது.

சங்கு ஊதிப் பெண்கள் புடவையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, குப்பம்மாள் யார் என்று விசாரித்து அவளைத் தனியே அழைத்துச் சொன்னான். முப்பது வயதுக்காரி. முகத்தில் சிரிப்பு செத்துப் பல நாள் ஆனது தெரிந்தது. அவன் சொல்லச் சொல்ல அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் புள்ள ஏதுப்பா? ரெண்டு வருஷம் ஆவுது, காலராவுல போயிடுச்சு" என்றாள். பிறகு, "ஈரப் பொடவையா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அவ எங்க நாத்தனா பொன்னி. அவளும்தான் இல்ல." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

ராயப்பன் கழுத்திலிருந்த ஜெபமாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பேஜாரான இடத்துக்கு வந்து மாட்டினோம் என்று தெரிந்தது. ஓடிவிடலாம்தான். ஆனால் பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்கு வேலையில்லாமல் போய் நிற்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

அடுத்த வாரம் வெங்கடாசலத்திடம் லீவு கேட்டுப் பார்த்தான்.

"சாமி, தலச்சன் பிரசவம். நாலு நாளு குடுத்தீங்கன்னா போயிட்டு வந்துடறேன்."

"நீ எதுக்குடா? நீயா பெத்துக்கப் போற? வலி எடுக்கட்டும், சேதி வரட்டும், பாக்கலாம்" என்றார். சேதி வந்தால் சங்கு ஊத வேண்டும். சேதி வராவிட்டால் லீவு கிடையாது. எப்படிப் பார்த்தாலும் கதவு அந்தப் பக்கம்தான் பூட்டியிருந்தது.

பொன்னி மறுபடியும் வந்தாள். அதே உச்சிவேளை, அதே ஈரம், அதே வாடை. இந்தத் தடவை ராயப்பன் அவளைக் கண்டதும் முதுகைக் கேட்டுத் தூணோடு ஒட்டிக்கொண்டான்.

"பச்சைமுத்துகிட்ட சொல்லுங்க. அப்பனுக்கு ஒடம்பு முடியல. வரச்சொல்லுங்க."

பதில் வரும்வரை அவள் நின்றாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் அவனுக்கு மெஷினைவிடப் பெரிதாகக் கேட்டது.

"சொல்லிடறேன்" என்றான்.

பச்சைமுத்து லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். அனந்தபுரத்துக்காரன். அவனிடம் போய் என்னவென்று சொல்வது? பேய் வந்து சொன்னது என்றா? ராயப்பன் வாயைத் திறக்கவில்லை. மூன்று மணிக்கு அனந்தபுரத்திலிருந்து சைக்கிளில் ஓர் ஆள் மூச்சிரைக்க வந்து இறங்கினான். அதே சொல், ஓர் எழுத்து மாறவில்லை: அப்பனுக்கு உடம்பு முடியல, வரச்சொன்னாங்க. ராயப்பன் அவனையும் 'சொல்லிடறேன்' என்று அனுப்பினான். சங்கு ஊதியதும் சொன்னான். பச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

மூன்றாம் நாள் மொட்டைத்தலையோடு திரும்பி வந்தவனிடம் துக்கம் கேட்டபோது, "நான் போறதுக்குள்ள போயிட்டாருண்ணே" என்றான்.

எத்தனை மணிக்குப் போனார் என்று ராயப்பன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்விதான். துக்க வீட்டுக்காரனிடம் மணிக்கணக்கு கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டான். அந்தப் பெண் வந்து ஒரு பேர் சொன்னால் அந்த வீட்டில் சாவு விழுந்தாயிற்று என்று தனக்குத் தானே முடிவு கட்டிக்கொண்டான். வெங்கடாசலம் சொன்ன அர்த்தமும் அதுதானே? உடம்பு முடியல என்றால் ஆள் போயாச்சு.

சித்திரை முடிய இரண்டு நாள் இருந்தது. அன்று காலையிலிருந்தே யுத்தச் சரக்கு என்று லாரி மேல் லாரியாக வந்தது. ராயப்பன் கேட்டைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கை ஓய்ந்துபோனான். பன்னிரண்டரைக்குத் தபாலாபீஸ் சேவகன் ஒருவன் வந்தான். கிளார்க் ரூமுக்குப் போய் எதையோ கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினான். கம்பெனிக்கு ஆயிரம் கடுதாசி வரும். ராயப்பன் அவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, திரும்பவும் மூடினான்.

மூடியதும் வாடை அடித்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம் பொன்னி.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, அவன் யாரென்று அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு அவன் கேட்டில் நிற்கிற ஓர் ஆள், அவ்வளவுதான்.

"ராயப்பன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

அவன் ஓர் எட்டு முன்னால் வந்தான்.

"விழுப்புரத்து ராயப்பன். சவுரியம்மாளுக்கு ஒடம்பு முடியல. மாமாவ ஜல்தியா வரச்சொல்லுங்க."

"நான்தாம்மா... நான்தான் ராயப்பன்."

அவள் காதில் அது விழவில்லை.

"சொல்லிடுவீங்களா?"

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தான். போய்விட்டாளா? ஏழு வருஷம் காத்திருந்து, பிள்ளை முகம் பார்ப்பதற்குள் போய்விட்டாளா? நிமிர்ந்தபோது வெளியே யாரும் இல்லை. ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

கேட்டை அப்படியே விட்டுவிட்டுக் கிளார்க் ரூமுக்கு ஓடினான். வெங்கடாசலம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, எம் பொஞ்சாதி செத்துட்டா சாமி!"

செத்துட்டா என்று சொன்னது அவன் வாய்தான். அவர் வாயல்ல, வேறு யார் வாயுமல்ல.

வெங்கடாசலத்தின் கை நின்றது. மேஜை டிராயரை ஒரு தரம் பார்த்தார். முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. "தெரியுண்டா. ஒக்காரு. அழுவாத" என்றார். "இன்னிக்கி எட்டு லாரி போவணும். கேட்டுக்கு மாத்தாள் இல்ல. தொர வேற உள்ள இருக்காரு. நீ இப்ப ஓடி என்ன பண்ணப் போற? நீ போனா எழுந்து ஒக்காரப் போறாளா? அடக்கம் நாளைக்குத்தான். சங்கு ஊதினதும் ஆறு மணி வண்டியில போ. நானே டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்றேன்."

ராயப்பனுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. செத்துப்போனவளுக்கு அவசரம் ஏது? திரும்பி வந்து கேட்டண்டை நின்றான். லாரி வந்தால் திறந்தான். போனால் மூடினான். கண்ணீர் தாடையில் காய்ந்து உப்பாயிற்று. இரண்டு மணி பாசஞ்சர் ஊதிக்கொண்டு விழுப்புரம் பக்கம் போவதை மதில்மேல் எழும்பிய புகையில் பார்த்தான்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. வெங்கடாசலம் டிராயரைத் திறந்து ஒரு தந்தியை எடுத்து அவன் கையில் வைத்தார். மத்தியானமே வந்த தந்தி.

"என்னா சாமி எழுதியிருக்குது?"

"பெண்சாதிக்கு ரொம்ப மோசம், உடனே புறப்படுன்னு. தந்தியிலயும் அப்படித்தான் அடிப்பாங்க. ஒனக்குத்தான் விஷயம் மொதல்லயே தெரிஞ்சுபோச்சே. போயிட்டு வா."

விழுப்புரத்தில் இறங்கி, விளக்கு வைத்துவிட்ட தெருக்களில் நடந்து வீட்டை நெருங்கியபோது, ஒப்பாரி புதிதாகக் கேட்டது. மத்தியானமே செத்தவளுக்கு அழுகிற அழுகையாக அது இல்லை. இப்போதுதான் வெடித்த அழுகை. மதலேனம்மாள் கையில் துணியில் சுற்றிய ஒரு பெண்குழந்தையோடு வெளியே வந்தாள். அவனைக் கண்டதும் ஓங்கி அவன் மார்பில் குத்தினாள்.

"ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா பாவி! காலையில பத்து மணிக்குப் புள்ள பொறந்துது. ரத்தம் நிக்கல. பக்கத்து வீட்டுத் தேவநாதன ஓடவிட்டுத் தந்தி அடிச்சோம். 'மாமா வந்துச்சா, மாமா வந்துச்சா'ன்னு கேட்டுக்கினே கெடந்தா. ரெண்டு மணி வண்டியில வந்துடும்னு சொல்லிச் சொல்லித் தேத்தினேன். அந்த வண்டியிலயும் நீ வரல. இப்ப, வெளக்கு வைக்கறப்பதான்டா கண்ண மூடினா!"

ராயப்பன் அழவில்லை. அவள் சொன்னதை அவன் மனம் வாங்கிக்கொள்ளவே வெகுநேரம் ஆயிற்று. உள்ளே போய்ச் சவுரியம்மாளின் கன்னத்தைத் தொட்டான்.

சூடு இருந்தது.

அடக்கம் முடிந்து, மூன்றாம் நாள் பூசை முடிந்து, எட்டாம் நாள் அவன் திண்டிவனத்துக்கே திரும்பினான். பச்சைக் குழந்தைக்குப் பசும்பால் வாங்க வேண்டும். துக்கம் வயிற்றை நிரப்புமா? சாயங்காலம் சங்கு ஊதி எல்லோரும் போன பிறகும் குப்பம்மாள் போகவில்லை. கேட்டுத் தூணண்டை வந்து குந்தினாள்.

"நீ கேட்ட அன்னிக்கே சொல்லியிருக்கணும். எம் மனசு தாங்கல" என்றாள். "புள்ளைய நாத்தனாகிட்ட விட்டுட்டுத்தான் நான் இங்க பருப்பு பொறுக்கிக்கினு இருந்தேன். புள்ளைக்கு வாந்திபேதி. பொன்னி எங்க ஊரு பிரம்மதேசத்துல இருந்து வெயில்ல நடந்து வந்தா. வர்றப்பவே அவளுக்கும் கண்டுடுச்சு. வழியில தலையோட தண்ணி ஊத்திக்கினு வந்திருக்கா. கேட்டுக்காரன் 'சொல்லிடறேன்'னான். அவ அத நம்பி, என்னக் கையோட இட்டுக்கினு போவலாம்னு அந்தப் பூவரச மரத்துல சாஞ்சு ஒக்காந்துட்டா. சங்கு ஊதி நான் வெளிய வர்றேன், மரத்தடியில கெடக்கறா. நான் ஊரு போய்ச் சேர்றேன், எம் புள்ளயத் தொடறேன். ஒடம்புல சூடு ஆறல."

"அவ 'ஒடம்பு முடியல'ன்னு சொன்னா செத்தாச்சுன்னு இல்லையாக்கா?" ராயப்பனின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அவளுக்கு அந்த நாசூக்கு தெரியாதுப்பா. முடியலன்னா முடியலதான். கண்ணு தொறந்திருக்குது, கூப்பிடுதுன்னு அர்த்தம்." குப்பம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அவ சாவு சொல்ல வர்றவ இல்ல. உசுரு இருக்குதுன்னு சொல்ல வர்றவ."

ராயப்பன் தலையைத் தூணில் முட்டிக்கொண்டான். மாமாவ ஜல்தியா வரச்சொல்லுங்க. செத்தவளா மாமாவைக் கூப்பிடுவாள்? மாமா என்று அவனைக் கூப்பிடுகிற வாய் உலகத்திலேயே ஒன்றுதானே? அதைக்கூடவா அவன் யோசிக்கவில்லை? குப்பம்மாள் தடுக்கவில்லை. அழட்டும் என்று பக்கத்திலேயே இருந்தாள்.

நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம். மெஷின் இரைந்தது. லாரி எதுவும் இல்லை.

வாடை அடித்தது.

பொன்னி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். சொட்டுகிற புடவை. குழிந்த கண்.

"குப்பம்மாகிட்ட சொல்லுங்க. புள்ளைக்கு ஒடம்பு முடியல."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"பச்சைமுத்துகிட்ட சொல்லுங்க. அப்பனுக்கு ஒடம்பு முடியல."

போய்ச் சேராத சேதி ஒன்றையும் அவள் விடவில்லை. அத்தனையையும் சுமந்துகொண்டுதான் நின்றாள்.

"ராயப்பன்கிட்ட சொல்லுங்க. சவுரியம்மாளுக்கு ஒடம்பு முடியல. மாமாவ ஜல்தியா வரச்சொல்லுங்க. சொல்லிடுவீங்களா?"

முடியலன்னா முடியலதான். கூப்பிடுதுன்னு அர்த்தம்.

ராயப்பன் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தான். சாவிக்கொத்தைத் தரையில் போட்டான். "டேய் ராயப்பா! யாரக் கேட்டுப் போற?" என்று வெங்கடாசலம் பின்னால் கத்தியது கேட்டது. அவன் திரும்பவில்லை. புழுதி பறக்க ரயிலடிக்கு ஓடி, நகர ஆரம்பித்த இரண்டு மணிப் பாசஞ்சரில் தொற்றிக்கொண்டான்.

மூன்றரைக்கு விழுப்புரம். நாலு மணிக்கு வீட்டு வாசல். மதலேனம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டு அவள் ஆச்சரியப்படவில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. நகர்ந்து வழிவிட்டாள்.

சவுரியம்மாள் கிடந்த அறையின் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். வெளிச்சம் இல்லை. சாம்பிராணிப் புகையும் ரத்தமும் கலந்த வாடை. அன்றைக்கே எரித்துவிட்ட பாய் மூலையில் விரித்திருந்தது.

பாய்மேல் யாரும் இல்லை.

ஆனால் மூச்சு கேட்டது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு, வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு விடுகிற மூச்சு.

"மாமா?"

அவன் முட்டி போட்டுப் பாயண்டை உட்கார்ந்தான். எழுந்து ஓட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"வந்துட்டேன் சவுரி."

"வந்துட்டியா மாமா?" அந்தக் குரலில் எவ்வளவு சந்தோஷம்! "லீவு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க" என்றான். ஏழு வருஷத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் பொய் அது.

ஜில்லென்று ஏதோ ஒன்று அவன் கைக்குள் வந்து விரல்களைக் கோத்துக்கொண்டது. அவன் இறுக்கிப் பிடித்தான். வெளியே பொழுது இறங்கியது. மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது, மெலிந்தது. கோயிலில் சாயங்கால மணி அடித்து, தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு ஏற்றுகிற நேரத்தில், ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வரவில்லை. அவன் கையில் இருந்ததும் இல்லாமல் போனது.

அப்போதுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

மதலேனம்மாள் சிம்னி விளக்கோடு உள்ளே வந்தாள். வெளிச்சத்தில் தெரிந்தது வெறும் மூலைதான், பாய் இல்லை. விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவன் தலையில் கை வைத்தாள்.

"நீ திண்டிவனம் போனியே, அன்னியிலேருந்து தெனம் மத்தியானம் ஆனா ஆரம்பிச்சிடறா. வெளக்கு வெக்கிற வரைக்கும் 'மாமா வந்துச்சா, மாமா வந்துச்சா'ன்னு. ஒங்கிட்ட யார விட்டுச் சொல்றதுன்னு தெரியாம கெடந்தேன்."

ராயப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னிக்கித்தான் கேக்கறத நிறுத்தினா" என்றாள் மதலேனம்மாள். "போயிடாதப்பா. நாளைக்கு மத்தியானமும் கூப்பிடுவா."